என்ன தொழில் செய்தார்?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடிப்பது களமருதூரை அடுத்த நம் சிற்றூரில் வழக்கம். சென்ற ஆண்டு அப்பணிக்காக நாம் சென்றிருந்தபோது, பெண்மணி ஒருவர் தம் கணவரின் கருங்கல் சிலுவையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அச்சிலுவையைக் கொத்தியவர், அதன்கீழ்த் துயிலும் அவரேதாம். இருபத்திரண்டு ஆண்டுகள் குவாரியில் பாறைக்குத் துளை போட்டவர். நாற்பத்தாறாம் வயதில் மறைந்தார்.

"டி.பி.ன்னு சொன்னாங்க சார். ஆறு மாசம் மாத்திரை ஒருநாள்கூட விடல. சளியில கிருமி இல்லன்னும் ஒரு தடவை சொன்னாங்க. ஆனா மூச்சு வாங்கறது மட்டும் நிக்கவே இல்ல."

என்ன வேலை செய்கிறார் என்று மருத்துவமனையில் கேட்டார்களா என வினவினோம்.

"பீடி புடிப்பாரா, குடிப்பாரா, அதான் கேட்டாங்க."

பிறரைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. பங்கின் சமூகக்கூடம் கட்டியபோது கட்டடக் குழுவில் நாமும் இருந்தோம். முக்கால் ஜல்லி வாங்க அந்தக் குவாரிக்குத்தான் போனோம். லோடுக்கு இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேரம் பேசினோம். அந்த அரைமணி நேரமும் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது நன்றாக நினைவிருக்கிறது. புருவம் முதல் பாதம்வரை வெள்ளையாகப் பாறைமேல் நின்றிருந்த அவரைப் பார்த்து, "உனக்கு வருடம் முழுதும் சாம்பல் புதன்தான்" என்று வேடிக்கையாகச் சொன்னோம். அவரும் சிரித்தார். இன்று அச்சொல் நம்மைச் சுடுகிறது.

அவர்மீது வெள்ளையாகப் படிந்திருந்த தூசி அவரைக் கொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியும் தூசி கீழே விழுந்துவிடும். எஞ்சியதை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். ஒரு மில்லிமீட்டரை இருநூறு கூறாக்கினால் அதில் ஒரு கூறளவே உள்ள, கண்ணுக்குத் தெரியாத துகள்தான் எமன். அது மணிக்கணக்கில் காற்றில் மிதந்து, நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை செல்லும். கருங்கல்லில் சிலிக்கா எனும் பொருள் உண்டு. அத்துகளை விழுங்கும் நம் உடற்காவல் அணுக்கள் அதைச் செரிக்க இயலாமல் மடிகின்றன; மடிந்த இடம் தழும்பாகிறது; தழும்பு பரவப் பரவ நுரையீரல் இறுகுகிறது. இதுவே சிலிக்கோசிஸ். இறுகியதை இளக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வேலையை விட்ட பின்னும் அது வளரக்கூடும். அந்த நுரையீரலில் காசநோயும் எளிதில் குடியேறும். ஆதலின் காசநோய் என்று சொன்ன மருத்துவர் பொய் சொன்னார் என்பதற்கில்லை. பாதியில் நின்றுவிட்டார் என்பதே நம் எண்ணம்.

இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'உன் தொழில் என்ன?' என்பதையும் மருத்துவர் கேட்க வேண்டுமென்று அதில் வலியுறுத்தினார். கல்தச்சர்களின் நெஞ்சுநோயையும் அவர் எழுதியிருக்கிறார். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அக்கேள்வி நம் ஊர்ப்பக்கம் வந்து சேரவில்லை.

கேட்டால் என்ன விளையும் என்பதற்கு நம் இனத்தாரின் கதையே சான்று. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்குக் குடும்பம் குடும்பமாகத் தமிழர் சென்றனர். அவர்களில் கிறித்தவரும் பலர். நம் பாட்டியின் தமையனார் ஒருவரும் சென்றார். இருமலோடு திரும்பிவந்து திண்ணையில் உட்கார்ந்தே உறங்கினாராம்; படுத்தால் மூச்சு நிற்கும். 'தங்கவயல் தண்ணி ஒத்துக்கல' என்றே வீட்டார் கடைசிவரை நம்பினர். இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலாகப் பதிவானது அந்தக் கோலாரில்தான். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் இதனை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கின. சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது.

மத்தியப்பிரதேசத்து அலிராஜ்பூர்ப் பழங்குடியினர், குஜராத்தின் கோத்ரா பக்கத்துப் படிகக்கல் அரைக்கும் ஆலைகளுக்குப் பிழைக்கப் போய், மூச்சிழந்து ஊர் திரும்பி மாண்டனர். யார் யார் எந்த ஆலையில் வேலை செய்தார் என்று வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் எடுத்தவர்கள் இருந்தார்கள். ஆகவேதான் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா மூன்று லட்சம் ரூபாய் வழங்குமாறு 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட முடிந்தது. ராஜஸ்தான் அரசு 2019-இல் இந்நோயாளிகளுக்கென்றே தனிக் கொள்கை வகுத்து உதவித்தொகை தருகிறது. நம் கல்லறைத் தோட்டத்துக் குடும்பத்துக்கோ எவரும் எதுவும் தரவில்லை. தருவதற்கு எந்தத் தாளிலும் அந்நோயின் பெயர் எழுதப்படவில்லை.

இழப்பீடு இறந்தபின் வருவது. இறவாமல் காக்க என்ன வேண்டும்? முகத்தில் கட்டும் துண்டு போதாது. அத்துகள் துணியின் இழைகளுக்கிடையே புகுந்துவிடும். நல்ல முகக்கவசம் உதவும். ஆனால் சித்திரை வெயிலில் பாறைமேல் நின்று அதைப் பகல் முழுதும் அணியச் சொல்பவர், ஒரு மணி நேரம் தாம் அணிந்து பார்க்கட்டும். தூசி எழுமிடத்திலேயே அதை மடக்குவதுதான் வழி. துளைபோடும் கம்பியின் உள்ளே தண்ணீர் பாய்ந்தால் தூள் சேறாகி வெளிவரும். கிரஷரின் வாயிலும், ஜல்லி கொட்டும் பெல்ட் முனையிலும் நீர் தெளித்து, மூடியும் போட்டுவிட்டால் பெரும்பகுதி அடங்கும். ஒரு மோட்டார், சில குழாய்கள், நாள்தோறும் ஒரு டேங்கர் தண்ணீர். நாம் அன்று பேரம் பேசிக் குறைத்த இருநூறு ரூபாயில் அந்தத் தண்ணீர்க் காசும் அடங்கியிருக்கும் என்பதை எண்ணாதிருக்க முடியவில்லை.

அப்பெண்மணியின் இளைய மகன் அதே குவாரியில் இரண்டாண்டுகளாகக் கிரஷரில் நிற்கிறான். தண்ணீர் தெளிப்பார்களா என்று கேட்டோம். "குழாய் இருக்கு சார். மோட்டார் ரிப்பேரு" என்றான். எத்தனை நாளாக என்றதற்கு, தான் சேர்ந்தபோதே அப்படித்தான் இருந்தது என்றான்.

அவனை அழைத்துக்கொண்டு மார்புப் படம் எடுக்க அடுத்த வாரம் கள்ளக்குறிச்சி செல்கிறோம். மருத்துவர் கேட்காவிட்டாலும், சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கிரஷர்' என்று எழுதச் சொல்ல வேண்டும். சமூகக்கூடத்துக்கு மாடி எடுக்கும் பேச்சும் இப்போது நடக்கிறது. ஜல்லி வாங்கப் போகும்போது, விலை பேசுமுன் அந்த மோட்டாரைப் பார்க்க வேண்டும் என்று குழுவில் சொல்லியிருக்கிறோம். இருவர் சரி என்றனர். மற்றவர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.