தண்ணிக்குள்ள ஒரு பிளக்

ஈரக் கையோட சுவிட்ச்சைத் தொடாதேன்னு வீட்டில் திட்டு வாங்காதவங்க நம்ம காலேஜில் யாரும் இருக்க மாட்டீங்க. அந்தத் திட்டை ஞாபகம் வச்சுக்கிட்டே இதைப் படிங்க.

நார்வேயின் ஓஸ்கார்ட் எரிவாயு வயலில், சுமார் 300 மீட்டர் ஆழத்தில், தலா 11.5 மெகாவாட் கம்ப்ரஸர்கள் இரண்டு 2015-ல ஓட ஆரம்பிச்சது. கரண்ட் சுமார் 40 கிலோமீட்டர் கேபிளில் வருது. ஒரு மெஷின் பழுதானா அதை மட்டும் மேலே தூக்கிட்டு வேற ஒண்ணை இறக்கணும். அப்போ ஹை வோல்டேஜ் கேபிளை எங்கே கழற்றி மாட்டுறது? கடலுக்குள்ளேயேதான்.

நம்மகிட்ட டிசைன் பண்ணச் சொன்னா, "கெட்டியான ரப்பர் சீல் போடலாம்"னு ஆரம்பிப்போம். ஆனா 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 300 மீட்டரில் அது 30 மடங்கு. அதனால் அவங்க கடலோட மல்லுக்கட்டுறதே இல்லை. கனெக்டருக்குள்ளே எண்ணெய் நிரப்பி, வளையக்கூடிய ஒரு சவ்வு வழியா வெளி அழுத்தத்தையே உள்ளேயும் கொண்டு வந்துடுறாங்க. இரண்டு பக்கமும் சமம். இனி சீலுக்கு ஒரே வேலை, தண்ணியை உள்ளே விடாம பார்த்துக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்த விஷயம். சாக்கெட் ஓட்டையை ஸ்பிரிங் வச்ச ஒரு டம்மி பின் எப்பவும் அடைச்சுக்கிட்டிருக்கும். நிஜ பின் வந்து அதைப் பின்னாடி தள்ளும். நுழையுற வழியில் ரப்பர் சீல் பின்னில் இருக்கிற கடல் தண்ணியை வழிச்சு எடுத்துடும். காண்டாக்ட் நடக்கிறது சுத்தமான எண்ணெய்க்குள்ளே. கழற்றினா டம்மி திரும்ப முன்னாடி வந்துடும். ஓட்டை ஒரு நொடிகூடத் திறந்து கிடக்காது.

எச்.வி. லேபில் 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் டெஸ்ட் பண்ணுவோமே (சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுறவங்களும் கேளுங்க), நல்ல எண்ணெய் 30 கிலோவோல்ட்டுக்கு மேல தாங்கும். கொஞ்சம் ஈரம் கலந்தா ரொம்ப முன்னாடியே 'டப்'. லேபில் எண்ணெயை மாத்திட்டுத் திரும்பச் செய்யலாம். அங்கே அதே ஈரம் ஒரு பெரிய மெஷினையே நிறுத்திடும்.

கரண்ட் ஓடும்போது யாரும் செருக மாட்டாங்க. மேலே சப்ளையை ஆஃப் பண்ணி, ரோபோ வாகனத்தை வச்சு செருகி, இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் பார்த்த பிறகுதான் ஆன். அந்த ரீடிங் குறைவா வந்தா ஆன் கிடையாது. கழற்றித் திரும்ப மாட்டிப் பார்க்கணும். அப்பவும் ஏறலைன்னா, தூக்குறதுக்கு மறுபடியும் கப்பல் வரணும்.