இன்மை என்னும் செய்தி

'அறிவேன்', 'அறியேன்' என்னும் இரு வினைமுற்றுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். முன்னதில் எதிர்கால இடைநிலையாக வகரம் நிற்கிறது. பின்னதில் உள்ள யகரம் வெறும் உடம்படுமெய். இடைநிலை எதுவும் கண்ணுக்குப் படுவதில்லை. எதிர்மறை ஆகாரம் புணர்ந்து கெட்டது என்பர் இலக்கண ஆசிரியர். கெட்டது எழுத்துத்தான், பொருள் கெடவில்லை. ஒன்று அங்கே இல்லாதிருப்பதே செய்தியாகிவிடுகிறது.

காசநோய்க் கிருமியும் இன்மையைப் படிக்கத் தெரிந்த உயிர். அதனிடம் டாஸ்எஸ், டாஸ்டி என இரு புரதங்கள் உள்ளன. முன்னதற்குத் தில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் இட்ட பெயர் டெவ்எஸ். இரண்டும் தம் மடிப்புக்குள் ஹீம் என்னும் மூலக்கூறை ஏந்தியிருக்கின்றன. மனிதக் குருதியைச் சிவப்பாக்கும் அதே ஹீம். நடுவில் அதே இரும்பணு. ஹீமோகுளோபினில் அது ஆக்சிஜனைச் சுமக்கிறது. இங்கே ஆக்சிஜன் இருக்கிறதா என்று வேவு பார்க்கிறது. ஓர் எழுத்தின் பணி சொல்லுக்குச் சொல் மாறுவதுபோல, ஹீமின் தொழிலை அதைச் சூழ்ந்த புரதமே முடிவு செய்கிறது.

இரும்பில் ஆக்சிஜன் அமர்ந்திருக்கும்வரை இப்புரதங்கள் வாளாவிருக்கும். ஆக்சிஜன் நீங்கினாலோ, அவ்விடத்தில் நைட்ரிக் ஆக்சைடோ கார்பன் மோனாக்சைடோ வந்தமர்ந்தாலோ, அவை விழித்து டாஸ்ஆர் என்னும் புரதத்திடம் பாஸ்பேட் ஒன்றைக் கையளிக்கின்றன. டாஸ்ஆர் ஏறத்தாழ 50 மரபணுக்களை இயக்குகிறது. கிருமி பெருகுவதை நிறுத்தி உறங்கத் தொடங்குகிறது.

நைட்ரிக் ஆக்சைடு, கிருமியைக் கொல்வதற்காக உடலின் விழுங்கணுக்கள் உண்டாக்கும் நஞ்சு. உடல் ஏவிய படைக்கலத்தையே கிருமி எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறது.

அந்த உறக்கத்தின் விலையை மனிதர் தருகின்றனர். ஐசோனியாசிட், கிருமி தன் செல்சுவரைக் கட்டுவதைத் தடுக்கும் மருந்து. சுவர் கட்டாமல் கிடக்கும் கிருமியிடம் அதற்கு வேலை குறைவு. சிகிச்சை பல மாதங்கள் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம். உலக மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இத்தொற்றுக்கு ஆளானவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆண்டுதோறும் நோயுறுவோரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் வாழ்கின்றனர்.

இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவோர், இருமலின் இன்மைக்கு நலம் என்று பொருள் கொள்கின்றனர். அது உறக்கமாகவும் இருக்கலாம். மருத்துவர் குறித்த கடைசி நாள்வரை மாத்திரை தொடர வேண்டியது அதனால்தான்.