பக்கம் கட்டுதல்

அச்சுக்கூடங்களில் ‘பக்கம் கட்டுதல்’ என்றொரு வழக்கு இருந்தது. ஈய எழுத்துக்களைக் கோத்து, வரி வரியாய் அடுக்கி, ஒரு பக்கத்தின் அளவு நிறைந்ததும் அதனைச் சுற்றிலும் நூற்கயிற்றால் இறுகக் கட்டி வைப்பார்கள். கயிறு தளர்ந்தால் எழுத்துச் சிதறும். ஒரு நாளைய உழைப்பு ஒரு நொடியிற் பாழாகும். ஆகவே அங்கே கட்டுதல் என்பது உவமையன்று, உள்ளபடியே கட்டுதலாம். இக்காலத்தில் இணையதளம் அமைப்போரும் பக்கம் கட்டுகின்றனர். அவர்கள் கையில் ஈயமுமில்லை, கயிறுமில்லை. ‘பேஜ் பில்டர்’ என்னும் கருவியே அவர்கட்கு எல்லாமாய் அமைகின்றது. இவ்விருவகைக் கட்டுதலையும் ஒருங்கே காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. அதனின்று தெளிந்ததொன்றை நம் கல்லூரி அன்பர்கட்கு எடுத்துரைத்தல் பயனுடைத்தாகும் என்று கருதி இதனை எழுதலானேன்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயலின் பெருமழை சென்னையை மூழ்கடித்ததை அன்பர்கள் மறந்திரார். அவ்வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெயும் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவிற்று. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊர்களில் படகுகள் கருத்தன. வலைகள் பிசுபிசுத்துப் பயனற்றுப் போயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இவ்விஷயத்தைத் தானே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. என் தாய்மாமன் வீடு அக்குப்பங்களுள் ஒன்றில் உள்ளது. அவ்வூர் இளைஞர் சிலர் வீடுவீடாய்ச் சென்று, இன்னாருக்கு இத்தனை வலை போயிற்று, இத்தனை நாள் தொழிலில்லை என்று நோட்டுப் புத்தகங்களில் குறித்து வந்தனர். கழிமுகத்துச் சேற்றிலும் நீரிலும் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் பெண்டிர் சிலர் தம் வாயாற் சொன்னவற்றையும் சொன்னபடியே எழுதிக்கொண்டனர். படகில்லாதவர்க்குப் படகுச் சேதம் என்ற கணக்கில் இடமில்லையாதலின், அச்சொற்களே அவர்களுடைய சான்று. இவற்றையெல்லாம் எவரும் காணும்படி ஓர் இணையதளத்தில் இடவேண்டுமென்று முடிவாயிற்று. கணினி பயில்பவன் என்ற முறையில் என்னை அழைத்தனர்.

நாங்கள் கைக்கொண்டது வேர்ட்பிரஸ். அமெரிக்கராகிய மாட் முல்லன்வெக்கும் ஆங்கிலேயராகிய மைக் லிட்டிலும் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்மென்பொருள் இலவசமாய்க் கிடைப்பது. அதன்மேல் ‘தீம்’ என்னும் ஆடையொன்றைப் போர்த்தினால் தளத்தின் நிறமும் எழுத்தும் அமைப்பும் அமைந்துவிடும். சங்கத்துப் பெரியவர் ஒருவர் விலைகொடுத்து வாங்கிய தீமிலேயே பேஜ் பில்டர் ஒன்று உள்ளடங்கியிருந்தது. திரையின் ஒரு பக்கத்தில் தலைப்பு, பத்தி, படம், பொத்தான், இடைவெளி என்று சிறுசிறு பெட்டிகள் நிற்கும். வேண்டிய பெட்டியை மௌஸால் பிடித்து, இழுத்துவந்து, வேண்டிய இடத்தில் விட்டால் அங்கே ஒட்டிக்கொள்ளும். பகுதிக்குள் வரிசை, வரிசைக்குள் பத்தி, பத்திக்குள் பெட்டி என்பது அதன் ஒழுங்கு. கைப்பேசியில் அப்பக்கம் எவ்வாறு தோன்றும் என்பதையும் அப்போதே காட்டும். டக்ளஸ் எங்கல்பர்ட் என்பார் 1968-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் மௌஸை முதன்முதல் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். அன்று அறிஞர் கூட்டத்துக்குக் காட்டப்பட்ட வித்தை இன்று குப்பத்தின் திண்ணையில் நடைபெறுகின்றது. வலை பின்னுவதில் வல்லவனாகிய என் மாமன் மகன், கணினி மொழியில் ஓரெழுத்தும் அறியாதவன், ஒரே மாலைப்பொழுதில் இதனைக் கற்றுக்கொண்டு, ‘நீ எழுந்திரு, நான் அடுக்குகிறேன்’ என்று என்னை நாற்காலியினின்றும் எழுப்பிவிட்டான். இவ்வெளிமையை நான் குறைத்துச் சொல்லேன். முன்னாளில் பொருள் படைத்தவர்க்கே உரியதாயிருந்த வசதி இதனால் ஏழையின் கைக்கும் எட்டிற்று.

நிற்க. இராயபுரத்தில் எங்களோடு ஒரே வீட்டில் வசிக்கும் என் பெரியப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கம்பாசிட்டராய் உழைத்தவர். மாலைதோறும் நான் வீட்டிலிருந்து பக்கங்களைத் திருத்துகையில் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பார். முதலில் அவர் வியந்தது இடைவெளிப் பெட்டியைக் கண்டுதான். “எங்கள் தொழிலிலும் வெற்றிடம் என்பது சும்மா கிடைப்பதில்லை, தம்பி. சொல்லுக்குச் சொல் இடம் விடவும் ஈயத்துண்டு வைக்கவேண்டும். வரிக்கு வரி இடம் விடவும் தகடு வைக்கவேண்டும். வெறுமையையும் எடுத்துத்தான் வைக்கவேண்டும்” என்றார். பின்னர் எங்கள் பக்கத்தைத் திருத்தத் தொடங்கினார். தானே நகரும் படவரிசையை நீக்கச் சொன்னார். மூன்று நிறங்களில் இருந்த தலைப்புக்களை ஒரே நிறமாக்கினார். பெரிய படங்களைச் சிறிதாக்கியபின், கழிமுகத்தோரத்து மந்தமான இணைப்பிலும் பக்கம் விரைந்து திறந்தது. இறால் பிடிக்கும் மூதாட்டி ஒருவர் சொன்ன பகுதியை நாங்கள் மூன்று பத்திகளாகப் பிரித்து அழகு செய்திருந்தோம். அவர் அதனைப் படித்து, “இந்த அம்மாள் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். ஒரே பத்தியாய் விடு” என்றார். அங்ஙனமே விட்டோம். அப்பக்கமே பலராலும் மிகுதியாகப் படிக்கப்பட்டது.

ஏறக்குறைய ஓராண்டு கழிந்தது. தளத்துக்கு இடம் வாடகைக்குத் தந்திருந்த நிறுவனம் தன் சாதனங்களைப் புதுப்பித்தது. எங்கள் தீமின் பழைய பதிப்பு அவற்றோடு பொருந்தாமல் பிழைபட்டு நின்றது. புதிய பதிப்பைப் பெறவோ மீண்டும் ஆண்டுச் சந்தா கட்டவேண்டும். சங்கத்தில் அதற்குப் பணமில்லை. ஆதலின் அப்பெரியவர், இலவசமான வேறொரு தீமைத் தளத்துக்கு மாற்றினார். நியாயமான செயலே. ஆனால் மறுநாட் காலையில் தளத்தைத் திறந்து பார்த்தபோது பக்கமெங்கும் சதுர அடைப்புக்குறிகளும் ஆங்கிலக் குறிச்சொற்களும் எண்களுமே நிரம்பியிருந்தன. அவற்றினிடையே எங்கோ ஓரிடத்தில் ‘வலை’ என்றும், வேறோரிடத்தில் ‘என் கை’ என்றும் சொற்கள் நின்றன. தளத்தின் முகவரியை வழக்கறிஞர்கட்கும் பத்திரிகையாளர்கட்கும் முன்னமே கொடுத்திருந்தமையால், அவர்கள் திறந்தாலும் இதுவே காட்சி.

நேர்ந்தது இதுதான். வேர்ட்பிரஸில் 2008-ஆம் ஆண்டு ‘ஷார்ட்கோடு’ என்னும் குறுங்குறி முறை புகுத்தப்பட்டது. சதுர அடைப்புக்குள் ஒரு குறியை எழுதினால், அதற்குரிய நிரல் அதனைப் படமாகவோ பத்தியாகவோ விரித்துக் காட்டும். எங்கள் பில்டர் நாங்கள் இழுத்து வைத்த ஒவ்வொரு பெட்டியையும் இத்தகைய குறிகளாகவே சேமித்திருந்தது. அக்குறிகளின் பொருள் அந்தத் தீமுக்கு மட்டுமே தெரியும். தீம் நீங்கியதும் விரித்துச் சொல்வாரின்றிக் குறிகள் வெறுங்குறிகளாய் நின்றன. சொற்கள் அழிந்துவிடவில்லை, ஆனால் படிப்பார்க்குப் பயன்படாமற் போயின.

பெரியப்பா திரையை நெடுநேரம் நோக்கியிருந்தார். “பாரம் கொட்டிப்போயிற்று. பரவாயில்லை, பொறுக்கலாம்” என்றார். அச்சு முடிந்தபின் கட்டை அவிழ்த்து, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போடுவது கம்பாசிட்டரின் அன்றாட வேலை. அவ்வேலையைச் செய்து பழகிய பொறுமை அவர்பால் குன்றவில்லை. நோட்டுப் புத்தகத்தை அவர் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிக்க, நான் குறிகளைக் களைந்து சொற்களைப் பிரித்தெடுத்தேன். நாற்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களின் கணக்கு மூன்று இரவுகளில் மீண்டது. இரண்டாம் இரவில் அவர் கேட்டார்: “தம்பி, நாங்கள் பக்கம் கட்டினால் கயிறு எங்களுடையது. இந்தப் பக்கத்தைக் கட்டிய கயிறு யாருடையது?”

அக்கேள்வி தமிழுக்குப் புதிதன்று. 1990-களில் தமிழைக் கணினியில் ஏற்றியோர் தத்தமக்கு ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டனர். ஓர் எழுத்துருவில் அடித்ததை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் தோன்றாது. பொருளற்ற குறிகளே தோன்றும். 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு பொதுவான குறியீடு வேண்டுமென்று முயன்றதும், பின்னர் யூனிகோடு பரவியதும் இக்குறை நீங்கவே. அதற்கும் முன்னே, 1713-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழெழுத்துக்கள் உருவில் பெரியனவாய்க் காகிதத்தை விழுங்கின. அங்கிருந்த மிஷனெரிமார் அவற்றோடு நில்லாது, உள்ளூரிலேயே சிறிய எழுத்துக்களை வார்க்கச் செய்தனர். பிறர் தந்த கருவியை நன்றியோடு ஏற்று, தம் தேவைக்கு ஏற்பத் தம்முடையதாக்கிக்கொண்டனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

நம் வடசென்னையில் வாழ்வோர்க்கு இதனை விளக்க மற்றோர் எடுத்துக்காட்டும் கண்முன் உண்டு. துறைமுகத்தை நோக்கி எண்ணூர் நெடுஞ்சாலையில் நாள்முழுதும் நிரையாய் நிற்கும் கண்டெய்னர் லாரிகளை அறியாதார் யார்? 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் மால்கம் மக்லீன் என்பார் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி, அமெரிக்காவில் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதோடு இம்முறை பெருவழக்குப் பெறத் தொடங்கிற்று. சென்னைத் துறைமுகத்தில் 1983-ஆம் ஆண்டு கண்டெய்னர் முனையம் அமைந்தது. இப்பெட்டி எந்நாட்டுக் கப்பலிலும், எந்த லாரியிலும், எந்தக் கிரேனிலும் பொருந்துகின்றது. காரணம், அதன் நீள அகலங்களும் நான்கு மூலைகளின் பூட்டும் உலகுக்குப் பொதுவாய் வரையறுக்கப்பட்டமையே. மக்லீனின் நிறுவனம் தன் பூட்டுக்குரிய காப்புரிமையைப் பிறரும் பயன்கொள்ள விட்டுக்கொடுத்தது. பில்டரின் பெட்டியும் இழுக்கவும் அடுக்கவும் இசைவதே. ஆயினும் அதன் மூலைகள் ஒரே ஒரு கப்பலுக்கென்று வெட்டப்பட்டிருப்பின், அக்கப்பல் போனபின் அது கரையிற் கிடக்க வேண்டியதுதான்.

இக்குறையை வேர்ட்பிரஸ் அமைத்தோரும் ஓரளவு உணர்ந்தனர் போலும். 2018 டிசம்பரில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் தீமைச் சாராத பிளாக் முறையொன்றை அதனுள்ளேயே அமைத்து, அம்முயற்சிக்குக் கூட்டன்பர்க் என்று பெயரிட்டனர். அச்சுத் தொழிலின் தந்தையென்று உலகம் போற்றுபவரின் பெயர் அது. இம்முறையில் பெட்டிகளின் எல்லைகள் படிப்பார் கண்ணுக்குப் புலப்படாத குறிப்புக்களாக எழுதப்படுகின்றன. எனவே தீம் மாறினாலும், அழகு சற்றுக் குலையினும், சொற்கள் சொற்களாகவே நிற்கும். மீட்ட கணக்குகளை இம்முறையிலேயே அடுக்கினோம். பக்கம் முன்போல் பகட்டாயில்லை. மாமன் மகன் அதற்குச் சிறிது வருந்தினான். “கலர் போனால் போகட்டும், அந்த அம்மாள் சொன்னது இருக்கிறதல்லவா?” என்று பெரியப்பா அவனைத் தேற்றினார்.

நம் மாணவருள் பலர் தம் சபைக்கோ, தெருவின் நூலகத்துக்கோ, தந்தையின் பட்டறைக்கோ இத்தகைய தளம் அமைக்கக்கூடும். அவர்கட்கு இரண்டொரு வார்த்தை சொல்வேன். பில்டரை அஞ்சி ஒதுக்கவேண்டா. அது நல்ல வேலைக்காரன். ஆனால் பக்கம் கட்டுமுன் எழுத வேண்டியதைத் தனியே ஒரு சாதாரணக் கோப்பில் எழுதி, படங்களோடு வேறோரிடத்திலும் சேமித்து வையுங்கள். தளத்தின் நகலொன்றில் தீமை மாற்றிப் பாருங்கள். சொற்கள் படிக்கும்படி நின்றால் துணிந்து மேற்செல்லுங்கள். சந்தா யார் பெயரில், கடவுச்சொல் யார் கையில் என்பதைச் சங்கத்தின் ஏட்டில் எழுதி வையுங்கள்.

நம்முடைய சொற்களாயின் இழந்தாலும் மறுபடி எழுதிக்கொள்ளலாம். பிறர் நம்மை நம்பிச் சொன்னவை அங்ஙனமல்ல. அவை நம்பால் வைத்த அடைக்கலப் பொருள். எண்ணெய் படிந்த கைகளைக் காட்டி ஒரு மூதாட்டி சொன்னதை, அவர் கேட்கும்போது சிதையாமல் திரும்பப் படித்துக் காட்ட வல்லவனே பக்கம் கட்டத் தெரிந்தவன் ஆவான்.