பதினொரு மில்லிவோல்ட்

2023 சித்திரையில் ஓர் ஓதுவாருடைய குரலை அவருக்குத் தெரியாமல் மாற்றினேன். பாட்டு, திருஞானசம்பந்தர் சீர்காழியில் பாடிய முதல் பதிகம். நான் மாற்றியது அவர் பிடித்த காந்தார சுரத்தை. கேட்டவர்கள் யாரும் குறை சொல்லவில்லை, பாடியவரே சொல்லவில்லை. அதனால்தான் இத்தனை நாள் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிந்தது.

என் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் செய்த தப்பு விளங்கும். நான் வைத்திருப்பது மாடுலர் சின்தசைசர். அதில் கீபோர்டு கிடையாது. ஒலி அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர், அதை வடிகட்டும் ஃபில்டர், சத்தத்தை ஏற்றி இறக்கும் ஆம்ப்ளிஃபையர் என்று எல்லாமே தனித்தனி மாடுல்கள். பேட்ச் கேபிளால் அவற்றைக் கோத்தால் ஒரு வாய்ஸ் கிடைக்கும். பதிவுக்கு வந்த அன்று ஓதுவார் ஐயா இந்த வயர்களைப் பார்த்துவிட்டு, "பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி இருக்கே தம்பி" என்றார்.

ஒரு வாய்ஸ் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் பேசும். 1968-இல் வெண்டி கார்லோஸ், பாக்கின் இசையை மூக் சின்தசைசரில் வாசித்து இசைத்தட்டாகக் கொண்டுவந்தபோது, பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டுகளை ஒரே வாசிப்பில் எடுக்க வழியில்லை. ஒவ்வொரு சுரமாகப் பதிந்து டேப்பில் அடுக்கினார். என்னிடம் இருக்கும் யூரோராக் வகையை 1990-களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் கொண்டுவந்தார். அதிலும் இதே நிலைமைதான். மூன்று சுரம் சேர்ந்த கார்டு வேண்டுமென்றால் மூன்று ஆஸிலேட்டர்களைச் சுருதி சேர்க்க வேண்டும். மின்னழுத்தம் ஒரு வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அந்த ஒரு வோல்ட்டைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி, எது வந்தாலும் பக்கத்துப் பங்கில் கொண்டுபோய் நிறுத்தும் மாடுலுக்குக் குவான்டைசர் என்று பெயர். அதைத்தான் நான் முழுக்க நம்பினேன்.

குடமுழுக்கு நேரம் அது. எங்கள் ஊர் சீர்காழியின் சட்டைநாதர் கோயில் குடமுழுக்கு மே 24-ஆம் தேதி என்று முடிவாகியிருந்தது. ஏப்ரலில் யாகசாலைக்காக மண் தோண்டியபோது ஐம்பொன் சிலைகளும் தேவாரப் பதிகங்கள் பொறித்த செப்பேடுகளும் வெளிப்பட்டன. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், எங்கே போனாலும் அதே பேச்சு. அந்த வேகத்தில் ஓர் அன்பர், நாலு பதிகங்களைப் பதிவு செய்து வருகிறவர்களுக்குக் கொடுக்க ஆசைப்பட்டார். செலவு அவருடையது, இசை என்னுடையது. பாட ஒப்புக்கொண்ட ஓதுவாருக்கு அறுபது வயதுக்கு மேல். அவர் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்று எழுதப் போவதில்லை.

என் வீட்டுப் பின்கட்டு அறையில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிந்தோம். சுருதிப்பெட்டியை ஒரு கட்டையில் வைத்தார், கண்ணை மூடிப் பாடினார். முதல் பதிகத்துக்குப் பண் நட்டபாடை. இன்றைக்குக் கம்பீர நாட்டையாகப் பாடுகிறார்கள். ச, க, ம, ப, நி என்று ஐந்தே சுரம். அதில் ச-க-ப மூன்றையும் சேர்த்தால் அப்படியே மேஜர் கார்டு. இதைவிடக் கார்டுக்கு வசதியான பண் வாய்க்காது என்று நான் துள்ளினேன்.

அன்று ராத்திரி கார்டை அவர் குரலுக்கு அடியில் வைத்துக் கேட்டேன். ஒட்டவில்லை. ஷட்ஜத்திலும் பஞ்சமத்திலும் எல்லாம் சரியாக இருந்தது. காந்தாரம் வந்ததும் குரலும் கார்டும் மோதின. அவர் மத்திமத்திலிருந்து இறங்கி வந்து காந்தாரத்தைத் தொடுவார், ஒருமுறை மேலே அசைப்பார், அப்புறம்தான் அங்கே நிற்பார். நிற்கிற இடம் சுருதிப்பெட்டியோடு பிசகாமல் சேரும் அந்தர காந்தாரம், அதாவது ஷட்ஜத்தின் ஒன்றேகால் மடங்கு. ஒரு கட்டையில் ஆண்குரல் ஷட்ஜம் ஏறத்தாழ 130.8 ஹெர்ட்ஸ். அவர் காந்தாரம் 163.5. என் குவான்டைசர் பிடித்து வைத்திருந்த காந்தாரம் 164.8. நொடிக்கு ஒன்றுக்குச் சற்று மேல் விம்மல் கேட்டது, அடுத்த ஸ்தாயியில் அது இரட்டிப்பானது. வோல்ட் கணக்கில் சொன்னால், அவருக்கு வேண்டியது ஷட்ஜத்துக்கு மேலே 322 மில்லிவோல்ட், நான் கொடுத்தது 333. வித்தியாசம் பதினொரு மில்லிவோல்ட்.

குவான்டைசரிலிருந்து ஒரு கேபிளைப் பிடுங்கிவிட்டு ஆஸிலேட்டரின் குமிழை மயிரிழை திருப்பியிருந்தால் அவர் நின்ற இடத்தில் கார்டும் நின்றிருக்கும். அசைவும் உறுத்துகிறது என்றால் காந்தாரத்தையே எடுத்துவிட்டு ச-ப மட்டும் விட்டிருக்கலாம். எனக்கு இது அப்போதே தெரியும். ஆனால் ச-ப என்பது சுருதிப்பெட்டி ஏற்கெனவே செய்கிற வேலை. அதை மட்டும் வைத்தால் என் கருவி அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. கஸ்டம்ஸ் கட்டி வரவழைத்து, மூன்று வருஷம் வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டு சேர்த்த கருவி. அது ஊர்க் காதில் விழ வேண்டும் என்ற ஆசைதான் என்னை ஆட்டிவைத்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

கம்ப்யூட்டரில் அவர் குரலைத் திறந்தேன். சுருதி திருத்தும் மென்பொருளில் குரல் ஒரு கோடாகத் தெரியும். காந்தாரம் வரும் இடத்திலெல்லாம் கோடு மேலிருந்து சரிந்து, ஒரு சிறு மேடு ஏறி, இறங்கிப் படுத்திருந்தது. மௌஸால் அந்த மேட்டைத் தட்டையாக்கினேன். சரிவைக் குறைத்தேன். படுத்திருந்த கோட்டை ஒரு துளி மேலே தூக்கிக் குவான்டைசரின் காந்தாரத்தில் உட்கார வைத்தேன். ஒரு பாட்டு, அடுத்த பாட்டு என்று கடைசிப் பாட்டான திருக்கடைக்காப்பு வரைக்கும் செய்தேன். விம்மல் நின்றது. கார்டு பளிச்சென்று விரிந்தது. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதே பதிவில் தாளத்தின் ஓசையையும் நான்தான் சின்தசைசரில் செய்தேன். ஓர் ஆஸிலேட்டரின் அதிர்வெண்ணை இன்னொன்றால் வேகமாக அலைக்கழித்தால் வெண்கலம்போல முழு எண் விகிதத்தில் அடங்காத மேல்சுரங்கள் கிளம்பும். அதற்காக எனக்கு வருத்தம் கிடையாது. எங்கள் ஊரை ஒட்டிய திருக்கோலக்காவில் குழந்தை சம்பந்தருக்கு இறைவன் பொற்றாளம் கொடுத்தார், அம்மன் அதற்கு ஓசை கொடுத்தாள் என்பது தலவரலாறு. ஓசை கொடுத்த நாயகி என்றே அவளுக்குப் பெயர். தங்கம் மெத்தென்ற உலோகம், தட்டினால் வெண்கலம்போல் கணீரென்று கேட்காது. ஓசை இல்லாத பொருளுக்கு ஓசை கொடுப்பது இந்த மண்ணில் பூஜைக்குரிய காரியம். நான் செய்தது அதுவல்ல. நிறைவாக இருந்த குரலிலிருந்து எடுத்தேன்.

யாழ்மூரிக் கதையை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே கேட்டுவிடுகிறோம். திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊரான தருமபுரத்தில், அவர் யாழால்தான் சம்பந்தர் பாட்டுக்குப் பெருமை என்று உறவினர்கள் பேசினார்கள். பாணர் பதறிப்போய், யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடம் கேட்டார். சம்பந்தர் பாடினார். யாழுக்கு அது எட்டவில்லை. பாணர் யாழை உடைக்க ஓங்கினார், சம்பந்தர் தடுத்து வாங்கிக்கொண்டார் என்று சேக்கிழார் சொல்கிறார். தன் கருவிக்குள் பாட்டு வரவில்லை என்றதும் பாணருக்குக் கோபம் வந்தது கருவிமேல். அதே சம்பந்தருடைய பாட்டு என் கருவியில் அடங்காதபோது நான் உடைத்தது பாட்டை.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்கவும் முடியாது. நம் காதோடு இந்தக் கருவியை அணுகியவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே இருந்தார்கள். 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மூக் சின்தசைசர் வந்தது, அமெரிக்கர் டேவிட் டியூடர் ஸ்டுடியோவை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே பதிவுகள் செய்தார்கள். கீதா சாராபாய் பக்காவஜ் கற்றவர், 1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர். இதையெல்லாம் நான் படித்து, நண்பர்களிடம் பெருமையாகப் பேசியும் வந்தவன்.

பதிவு முடிந்து போட்டுக் காட்டினேன். ஓதுவார் ஐயா முழுக்கக் கேட்டார். "நல்லா இருக்கு தம்பி. என் குரல் மாதிரியே இல்ல" என்றார். மெஷினில் வந்தால் குரல் இப்படித்தான் ஆகும்போல என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் தலையாட்டினேன். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு பதிவு கை மாறிக் கை மாறிப் போனது. ஒரு வருஷம் கழித்து, ஒரு வீட்டு விசேஷத்தில் எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் முதல் பதிகத்தைப் பாடினான். நல்ல சாரீரம். காந்தாரம் வந்தபோது எனக்குக் கை கால் உதறியது. மத்திமத்திலிருந்து இறக்கம் இல்லை, அசைவு இல்லை, பதினொரு மில்லிவோல்ட் உயரத்தில் தட்டையாக வந்து உட்கார்ந்தது. யாரிடம் பாடம் என்று கேட்டேன். வாரம் ஒருநாள் ஓதுவார் ஐயாவிடம், மற்ற நாளெல்லாம் போனில் அவர் பாட்டைப் போட்டுக் கேட்டுப் பழகுகிறேன் என்றான்.

அதற்கு அப்புறம்தான் நான் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். ஒரே ஆஸிலேட்டரில் வாள்பல் அலை எடுத்து, ஃபில்டரின் ரெசொனன்ஸை ஏற்றி, மெதுவாகக் கையால் திறந்துகொண்டே போனேன். ஷட்ஜத்துக்குள்ளிருந்து மூன்று மடங்கு அதிர்வெண்ணில் பஞ்சமம் வந்தது, ஐந்து மடங்கில் காந்தாரம், ஏழு மடங்கில் கைசிகி நிஷாதத்துக்கும் கீழே ஒரு நிஷாதம். தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியில் தானாகக் கேட்கும் அதே காந்தாரம் இது. திருத்தாத குரலுக்கு அடியில் வைத்தேன். ஐயா காந்தாரத்தில் நின்றபோது இரண்டும் ஒன்றாயின. அவர் அசைத்தபோது ஃபில்டரை மூடினேன். கார்டு சுருதிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதைத் தேடாமல் வெளியிலிருந்து கொண்டுவந்து திணித்திருக்கிறேன்.

போன மாதம் ஐயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பதிவையும் போட்டுக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "எனக்குத்தான் வயசாகி காந்தாரம் ஏறிப் போயிடுச்சோன்னு நெனச்சேன் தம்பி. இந்த ரெண்டு வருஷமா அதையே சாதகம் பண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கிளம்பும்போது, "பையனுக்கு நான் சொல்லிக்கிறேன். மத்தவங்களுக்கு நீதான் சொல்லணும்" என்றார்.

குடமுழுக்குச் சமயத்தில் பென் டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ உங்களுக்கு நாலு பதிகங்கள் வந்திருந்து, முதல் பதிகத்தின் பின்னால் மின்னொலிக் கார்டு கேட்டால், அது நான் கெடுத்த பதிவு. தயவுசெய்து அழித்துவிடுங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களிடமும் சொல்லுங்கள். சுருதிப்பெட்டி மட்டும் உள்ள, கை வைக்காத பதிவைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்க ஐயா அனுமதி தந்திருக்கிறார். அதைக் கேட்டுப் பாடம் செய்யும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு முதலில் தருகிறேன்.