கரையான் கட்டின வீடும் நான் கட்டின வீடும்

புது வீட்டுக்கு வானம் தோண்டின அன்னைக்கே, குழி முழுக்கக் கரையான் மருந்து ஊத்தினோம். பழைய ஓட்டு வீட்டுப் பனஞ்சட்டத்தைத் தின்னு தீர்த்தது கரையான்தான். அந்தக் கோபம் எனக்கு இருந்தது.

வீடு முடிந்து முதல் சித்திரை. பகலெல்லாம் வெயில் வாங்கின தளம் ராத்திரி பதினொரு மணிக்கும் அனல் கக்கியது. ஆத்தா பாயைச் சுருட்டிக்கிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போயிருச்சு. "இம்புட்டுப் பணத்தைப் போட்டுக் கட்டி, என்னைய மாட்டோட படுக்க வச்சிட்டியேடா" என்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏசி வாங்கலாம்னு சொன்ன மகன்தான், லீவுக்கு வந்தப்ப போனில் ஒரு கட்டடத்தைக் காட்டினான். ஜிம்பாப்வே நாட்டுத் தலைநகர் ஹராரேயில் இருக்கும் ஈஸ்ட்கேட். மிக் பியர்ஸ் என்கிற கட்டடக் கலைஞர் கரையான் புற்றைப் பார்த்து யோசித்துச் செய்தது. 1996ல் திறந்திருக்கிறார்கள். வழக்கமான ஏசி கிடையாது. ராத்திரிக் குளிர்காற்றை விசிறி வைத்து இழுத்து, தரைக்குள் இருக்கும் இடைவெளி வழியாக விட்டு, கான்கிரீட்டையே குளிர வைக்கிறார்கள். பகலில் சூடான காற்று மேலேறி, உச்சியில் உள்ள புகைபோக்கிகள் வழியே வெளியேறிவிடும். அங்கேயும் கான்கிரீட்தான். நான் என்ன செய்தேன்? கொசுவுக்கும் திருட்டுக்கும் பயந்து ராத்திரி எல்லா ஜன்னலையும் அடைத்தேன்.

எங்க மேலக்காட்டுல ஒரு புற்று இருக்கு, என் இடுப்பு உயரம். உழும்போது கொழு பட்டு ஓரம் உடைஞ்சா, மறுநாள் காலையில் ஈரமண் பூசி அடைச்சிருக்கும். எங்க ஊர்ல ரெட்டைக் கூலி கொடுத்தாலும் அந்த வேகத்துல வேலை நடக்காது. வெள்ளிக்கிழமை ஆனால் வீட்டுக்காரி அதுக்குப் பால் ஊத்துவா. அது பாம்புக்கு. கட்டினதுக நினைப்பு எங்க யாருக்கும் வந்ததில்ல.

அடிவானத்துல மருந்து ஊத்தினதுக்கு இப்பவும் வருத்தமில்லை. வீட்டைத் தின்ன விட முடியாது. ஆனா அந்தப் புற்றை இடிக்க ஜேசிபிக்குச் சொல்லி வச்சிருந்தேன், வேண்டாம்னுட்டேன். அரை சென்ட் நிலம் போனாப் போகுது.

போன வாரம் கொத்தனார் வந்து, எதிரெதிர்ச் சுவரில் தளத்தை ஒட்டி நாலு காற்றுத் துவாரம் உடைத்தார். கொசுவலை அடிக்கும்போது ஆத்தா வந்து நின்னுச்சு.

"ஒண்ணை அடிக்காம விடச் சொல்லுடா. ஓட்டு வீட்டுக் குருவியெல்லாம் எங்கிட்டுப் போகும்?"

வலை இல்லாமல் ஒன்று விட்டிருக்கோம். குருவி இன்னும் வரல. கொசு வந்திருச்சு.