காலி பாட்டிலுக்கு 10 ரூபாய்... மலைப்பாதையில் மாறிய கணக்கு!

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சாலை கல்லாறுக்குள் நுழையும்போதே நீலகிரியின் சட்டம் எதிரே வந்து நிற்கிறது. 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளிடம் இ-பாஸ் கேட்கிறார்கள். கூடவே வண்டிக்குள் எட்டிப் பார்த்து, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். விடுமுறை நாள்களில் வரிசை நீண்டால் சோதனையின் கறார் குறைவது இயல்புதான். ஆயிரக்கணக்கான வண்டிகளின் டிக்கியைத் திறந்து பார்க்க எத்தனை பேரைத்தான் நிறுத்த முடியும்?

அங்கிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் பர்லியார். அரசு தோட்டக்கலைப் பண்ணையின் மங்குஸ்தானும் சாலையோரப் பலாப்பழக் கடைகளும் அந்த ஊரின் அடையாளம். பலா பழுக்கும் காலத்தில் யானைகளும் இந்தச் சரிவுகளுக்கு வந்துவிடும். வளைவில் வண்டியை ஓரங்கட்டி, குடித்துவிட்டு வீசப்படும் பாட்டில் பாறையில் பட்டு உடையும். யானையின் பாதம் பார்க்கத்தான் முரடு. அடிப்பக்கம் மெத்தை மாதிரி. கண்ணாடிச் சில்லு ஏறினால் சீழ் பிடிக்கும், நடக்க முடியாது. நடக்க முடியாத யானைக்குத் தீனியும் தண்ணீரும் கிடைக்காது. சாலைக்குக் கீழே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் இலை பறிப்பவரின் காலும், கேரட் வயலில் மண்ணைக் கிளறும் கையும் அதே சில்லுக்குத்தான் பயப்படுகின்றன.

நீலகிரிக்குச் சட்டம் புதிதல்ல. தமிழ்நாடு முழுவதும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல். சுப்ரியா சாஹு நீலகிரி கலெக்டராக இருந்த காலத்தில், அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, பிளாஸ்டிக் பைக்கு எதிரான இயக்கம் இங்கே தொடங்கிவிட்டது. பிறகு தண்ணீர் பாட்டிலுக்கும் தடை வந்து, அதற்குப் பதிலாகச் சாலையோரங்களில் குடிநீர் ஏ.டி.எம் வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால், எந்திரம் பழுதாகிக் கிடக்கும் நாளில் சட்டமும் சேர்ந்து பழுதாகிவிடுகிறது. தாகம் எடுத்தவனிடம் அபராதத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

மது பாட்டில் விஷயத்தில்தான் கணக்கு மாறியது. காட்டில் கிடக்கும் கண்ணாடிச் சில்லுகள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பு காட்ட, 2022 மே மாதம் நீலகிரியில் காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டத்தை டாஸ்மாக் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். வாங்கியவரே தர வேண்டும் என்பதில்லை. அவர் வீசினாலும், அடையாள வில்லை ஒட்டிய பாட்டிலைப் பொறுக்கி வருபவருக்குக் காசு உண்டு. அதுவரை புதரில் கிடந்த பாட்டில் யாருக்கும் சொந்தமில்லாத குப்பை; அன்றுமுதல் அது 10 ரூபாய். விற்ற பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்கே திரும்பி வந்தது. கடை ஊழியர்களுக்கு வேலைச்சுமை கூடியது, இடம் போதவில்லை என்று போராட்டங்களும் நடந்தன. அந்தக் குறை நியாயமானதே. ஆனாலும் திட்டம் மற்ற மலைப் பகுதிகளுக்கும், பிறகு சமவெளி மாவட்டங்களுக்கும் பரவியது.

இந்த யோசனைக்குப் பின்னால் விவசாயிகளின் கதை ஒன்று உண்டு என்பது பலருக்கும் தெரியாது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் பால் மாடுகளுக்குப் பெயர்போனது. சாலையில் போகிறவர்கள் வீசிய பீர் பாட்டில்கள் புல்வயலில் விழுந்து, தீவனத்தோடு சில்லும் சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குள் போனது. பண்ணைக்காரர்கள் விடாமல் முறையிட்டதால், 1953-ல் அந்த மாநிலச் சட்டமன்றம், திருப்பி நிரப்ப முடியாத பாட்டிலில் பீர் விற்கவே தடை போட்டது. மது ஆலைகள் சும்மா இருக்கவில்லை. 1957-ல் சட்டம் காலாவதியாக விடப்பட்டது. பாட்டிலுக்கு முன்பணம் வாங்கும் சட்டத்தை 1971-ல் ஒரிகான் மாநிலம் முதலில் கொண்டுவர, அடுத்த ஆண்டே வெர்மான்ட்டும் அதை எடுத்துக்கொண்டது. அங்கே 1970-லிருந்து ஆண்டுக்கு ஒருநாள் பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை பச்சைப் பையோடு சாலையோரக் குப்பையைப் பொறுக்குகிறார்கள். இப்போது மே மாத முதல் சனிக்கிழமை அதற்கான நாள்.

நம் பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. தேசிய பசுமைப் படையும் இருக்கிறது. பாடத்தில் மதிப்பெண் வாங்கும் பிள்ளை, மஞ்சப்பையை மறந்துவிட்டு வரும் அப்பாவைத் திருப்பி அனுப்புகிற வீடுகளில்தான் அந்தப் பாடம் வேலை செய்கிறது.

மலையில் விழுவது மலையோடு நிற்பதும் இல்லை. குன்னூர் பக்கத்து ஓடைகளும் கல்லாறும் பவானியில் கலக்கின்றன. மாயாறும் வந்து சேர, எல்லாம் பவானிசாகர் அணையில் தேங்குகிறது. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்கால் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. மலையில் வீசிய சிப்ஸ் கவர், மழை வெள்ளத்தில் உருண்டு, எங்கோ ஒரு மதகில் அடைத்துக்கொண்டு நிற்கும். அதை மாடு மேய்ந்தால் செரிக்காமல் முதல் வயிற்றிலேயே தங்கிவிடும். சேரச் சேரப் பசி குறையும், வயிறு உப்பும், பால் வற்றும். பாட்டிலுக்கு இருக்கும் 10 ரூபாய் இந்தக் கவருக்கு இல்லை. யாரும் அதைப் பொறுக்க வருவதும் இல்லை.

வாய்க்கால் கரையில் நின்று மலையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. மதகில் சிக்குவதில் கிழிந்த மல்ச்சிங் ஷீட்டும் சொட்டுநீர்க் குழாயும் பூச்சிமருந்து டப்பாவும் சேர்த்திதான். காலி மருந்து டப்பாவை வெளியில் போடக் கூடாது, உடைத்து, குடியிருப்புக்கு எட்டத்தில் புதைக்க வேண்டும் என்று 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. வரப்பில் வீசுவதும் கிணற்றடியில் கழுவி வைத்துத் தண்ணீர் மொள்ளுவதும் இன்னும் நடக்கிறது. மருந்து டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் கிடைக்கும் என்ற ஏற்பாடு உரக்கடைகளுக்கும் வர வேண்டும் என்று கேட்க விவசாயிகளுக்கு முழு உரிமை உண்டு.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிலும் கிராம சபை கூடுகிறது. சாலையோர வயல்களில் பாட்டில் விழும் இடங்களைக் குறிப்பிட்டு, டப்பா திரும்பப் பெறும் ஏற்பாட்டையும் சேர்த்துத் தீர்மானம் எழுதிக் கொடுக்கலாம். கீழ்பவானிக்குப் பெரும்பாலும் தண்ணீர் திறக்கும் ஆகஸ்ட் 15-ம் அந்த ஆறு நாள்களில் ஒன்று.