கழுத்தில் இருந்தது அழுக்கல்ல



மும்பையில் எங்கள் சபைச் சகோதரி ஒருவர், தம் 9 வயது மகனின் இருமல் நீங்க ஜெபிக்கும்படி கேட்டார். அவருக்கு இந்தி சரளமாக வராதபடியால், மருத்துவரிடம் நானும் துணையாகச் சென்றேன்.

குழந்தை மருத்துவர் இருமலுக்கு மருந்து எழுதியதோடு நிறுத்தவில்லை. சிறுவனின் உயரத்தையும் எடையையும் அளந்து, வளர்ச்சி அட்டவணையில் குறித்தார். பின்பு அவன் பின்கழுத்தைப் பார்த்தார். தோல் கறுத்துத் தடித்திருந்தது.

"அழுக்குதான் பாஸ்டர், எவ்வளவு தேய்த்தும் போகவில்லை" என்றார் தாய்.

அது அழுக்கல்ல, எடை மிகுந்து, உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது தோன்றும் அடையாளம், கவனியாவிட்டால் சர்க்கரை நோயில் கொண்டுவிடலாம் என்றார் மருத்துவர். நான் அதைத் தமிழில் சொன்னபோது தாயின் முகம் வாடிற்று. ஆச்சிமார் மெச்சும் கொழுகொழு பிள்ளை என்றல்லவா நாங்கள் அவனைப் பாராட்டி வந்தோம்!

என்ன குடிக்கிறான், எத்தனை மணி நேரம் கைப்பேசி பார்க்கிறான், எங்கே விளையாடுகிறான், எப்போது உறங்குகிறான் என்று மருத்துவர் விசாரித்தார். ஒற்றை அறை வீடு. தகப்பனுக்கு இரவு வேலை, பகலில் உறக்கம். சத்தம் எழாதிருக்கப் பிள்ளையின் கையில் கைப்பேசியும் சிப்ஸ் பாக்கெட்டும். தாயைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சாக்லேட் யார் தருவது?" என்றதற்கு, சிறுவன் என்னைச் சுட்டிக் காட்டினான். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்திற்கு நான் கொடுக்கும் பரிசு அது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சரீரம் ஆவியானவரின் ஆலயம் என்று பவுல் கொரிந்தியருக்குப் போதித்ததைக் கொண்டு, புகையிலைக்கும் மதுவுக்கும் எதிராக எத்தனையோ முறை பிரசங்கித்தேன். நம் பந்தியைக் குறித்து ஒருமுறையும் பேசியதில்லை. விடுமுறை வேதாகமப் பள்ளி நாடகத்தில் அவனுக்குக் கோலியாத் வேடம் கொடுத்து, சபையார் சிரித்தபோது நானும் சிரித்தது நினைவுக்கு வந்து என்னைக் குத்தியது. மறுநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 5 வயதுக்குட்பட்டோரில் அதிக எடையுள்ளவர்கள் 2015-16-இல் 2.1 சதவீதம், 2019-21-இல் 3.4 சதவீதம். 5 முதல் 17 வயதுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாநகரத்தில் இடமெங்கே? ஆகவே மாலைதோறும் ஆராதனை மண்டபத்து நாற்காலிகளை ஒதுக்கி, பிள்ளைகளை விளையாட விட்டோம். சாக்லேட்டுக்குப் பதில் பென்சில். குளிர்பானத்துக்குப் பதில் மோர். பிள்ளையை மட்டும் பட்டினி போடாமல் வீடு முழுவதும் மாற வேண்டும் என்று மருத்துவர் சொன்னபடியே, தகப்பனும் தம் தட்டை மாற்றினார்.

சிறுவன் மெலிந்துவிடவில்லை. ஆனால் உயரம் கூடியும் எடை கூடவில்லை. வளரும் பிள்ளைக்கு அதுவே நல்ல தொடக்கம் என்றார் மருத்துவர்.

பெற்றோரே, காய்ச்சலுக்கோ தடுப்பூசிக்கோ செல்லும்போது, உயரத்தையும் எடையையும் குறிக்கும்படி கேளுங்கள். கழுத்து கறுத்திருந்தால் தேய்க்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். கர்த்தர் நம் பிள்ளைகளை ஆத்துமாவிலும் சரீரத்திலும் சுகமாய்க் காப்பாராக. ஆமென்.